பூத்தால் நஷ்டம்!

பூப் பூத்தால் வருத்தப்படுவார் உண்டா? மல்லிகை பூத்தால் மணம். மா பூத்தால் பணம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தாராபுரம் பக்கம், அமராவதிப் பாசனத்தில் விளையும் கரும்புத் தோட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். தோகைக்கு மேலே வெண்சாமரம் வீசுவது போல் பூக்கள் அசையும். உங்களுக்கும் எனக்கும் அது கண்கொள்ளாக் காட்சி. தோட்டக்காரரோ, "பூவெடுத்துப் போச்சுங்களே!" என்று முகம் வாடுவார்.

பூத்த கரும்பு அதற்கு மேல் உயராது. வெட்டாமல் நாளைக் கடத்தினால் தண்டின் உள்ளே நெட்டி விழும். சாறும் சர்க்கரையும் குறையும். அவர் கவலை அவருக்கு!

சரி, பூப்பது என்று கரும்பு எப்போது முடிவு செய்கிறது? பூ வெளியே தலைகாட்டுகிற அன்றைக்கா? அதுதான் இல்லை. இரண்டு, மூன்று மாதத்துக்கு முன்பே, பகல் பொழுது சுமார் 12½ மணியாகச் சுருங்கும் ஆடி, ஆவணியிலேயே தீர்மானம் நடந்துவிடுகிறது. நடக்கும் இடம் எது தெரியுமா? குருத்தின் நுனி!

கரும்பின் தோகையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால், கடைசியில் கடுகில் கால் பங்குகூட இல்லாத ஒரு சிறு குமிழ் மிஞ்சும். பூதக்கண்ணாடி போதாது, மைக்ராஸ்கோப் வேண்டும். அதில் பார்த்தால், அந்தக் குமிழின் ஓரத்தில் வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என்று மாறி மாறி மேடுகள் எழும்பும். அவைதான் நாளைய இலைகள். பூக்கும் வேளை வந்ததும் குமிழ் நீண்டுவிடும். இலை மேடுகள் நின்று, சுற்றிலும் புது மேடுகள் கிளம்பும். அவை பூங்கொத்தின் கிளைகள்.

உள்ளே நடப்பதையும் பார்க்க வேண்டுமானால் சற்றுப் பொறுமை வேண்டும். நுனியைப் பார்மலின், அசெட்டிக் அமிலம், ஆல்கஹால் கலந்த திரவத்தில் போட்டால், இருந்த நிலையிலேயே அழுகாமல் நிற்கும். பிறகு ஆல்கஹாலில் நீரை அகற்றி, உருக்கிய மெழுகை ஊறவைத்துக் கட்டியாக்குவார்கள். அதை 'மைக்ரோட்டோம்' என்ற இயந்திரம், ரொட்டிக் கடையில் ரொட்டியைத் துண்டு போடுவது போல் சீவித் தள்ளும். ஒரு சீவலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு! ஏன் இத்தனை மெல்லியது? வெளிச்சம் ஊடுருவினால்தானே கண்ணுக்குத் தெரியும்? மெழுகை நீக்கிச் சாயம் ஏற்றினால் செல்களின் சுவர்களும் உட்கருக்களும் பளிச்சென்று தெரியும்.

தோட்டக்காரர் வெறுக்கும் இந்தப் பூவுக்காகவே தவம் கிடப்பவர்களும் உண்டு. தாராபுரத்திலிருந்து பல்லடம் வழியாகப் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போனால் அவர்களைக் காணலாம். கரணை நட்டால் தாய்க் கரும்பேதான் முளைக்கும். புது ரகம் வேண்டுமானால் பூவும் விதையும் வேண்டும். வடநாட்டில் எளிதில் பூத்து விதை தராத கரும்பு இங்கே தாராளமாகப் பூப்பதால்தான், 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் கோவையில் தொடங்கியது. பார்பர், டி. எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் நாட்டுக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ 205, 1918-ல் வெளிவந்தது. 1897-ல் தலைச்சேரியில் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள், 1934 முதல் 1939 வரை அங்கேயே மைக்ராஸ்கோப்பில் கரும்பின் குரோமசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தவர் அந்த அம்மாள்!

தோட்டக்காரருக்கு இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? உண்டு. முடிவாகும் நாள் தெரிந்தால், அந்தச் சமயத்தில் தண்ணீரைக் குறைத்துப் பூப்பதைக் கட்டுப்படுத்தலாம். எளிதில் பூக்காத ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நுனி மாறிவிட்டது என்று தெரிந்த தோட்டத்தை முந்தி வெட்டவும் ஏற்பாடு செய்யலாம்.

அடுத்த முறை கரும்புப் பூவைப் பார்த்தால் அழகை ரசியுங்கள். ஆனால் அது அன்று வந்த சேதி என்று எண்ணிவிடாதீர்கள். ஆடி, ஆவணியில் எழுதிய கடிதம், ஐப்பசியில்தான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!