உறைகடலில் மீன்பிடி

கிறீன்லாந்தின் மேற்குக் கரையிலே, வடதுருவ வட்டத்துக்கு அப்பால், இலுலிசாற், உம்மன்னாக் எனும் ஊர்கள் உள. மாரியிற் கடல் உறைந்ததும் அங்குள்ள மீனவர் படகை விடுத்து நாய்வண்டியில் ஏறுவது நெடுநாள் வழக்கம். உடன்செல்லும் விருந்தினர் சும்மா அமர்ந்திருக்கலாம் என எண்ணலாகாது. மேடு வந்தால் இறங்கித் தள்ளவேண்டும்.

நாய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிவார், விசிறிபோல் விரிந்து ஓடும். பாரம் ஓரிடத்தில் அழுந்தாது. ஒன்று பனி உடைந்து வீழ்ந்தாலும் மற்றவை அதனோடு இழுபடா. வார்கள் சிக்குண்டால் அக்குளிரில் அவிழ்ப்பது மீனவர் பாடு!

பனிக்கட்டியிலே துளையிட்டு, நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குப் பல தூண்டில்கள் கோத்த கயிற்றை இறக்குவர். நுனியிற் கட்டிய தகடு நேரே கீழே போகாது. காற்றிற் பட்டம் சாய்வதுபோல் நீரோட்டத்திற் சாய்ந்து வழுகி, கயிற்றைத் தொலைவுக்கு இழுத்துச் செல்லும். சில மணி நேரத்தின்பின் ஹலிபட் எனும் தட்டைமீன்கள் மேலேறும். தலைகள் நாய்களுக்கு.

இரும்புமுனைக் கோலாற் குத்திப் பனியின் உறுதியை அறிவர். இன்று அந்தக் கோலுக்கு வேலை அதிகம். பனி பிந்தி உறைந்து முந்தி உருகுகின்றது. 2002இல் ஏறக்குறைய 25,000 ஆயிருந்த வண்டிநாய்கள் 2016இல் சுமார் 15,000 ஆகக் குறைந்தன. பனியுந்துகளின் வரவும் இதற்கு ஒரு காரணமே. கடல் உறையாத ஆண்டிற் படகே போதும். நாய்க்கோ அப்போதும் தீனி இடவேண்டும்.