கையெழுத்துக்கு மட்டும்தானா நேரம்?

நன்னடத்தை உத்தியோகத்தர் என்றதும் எம்மவர் பலர் அஞ்சுகின்றனர். பிள்ளையைப் பிடித்துச் செல்பவர் என்றே எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. தவறு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், வீட்டில் வைத்தே திருத்த வேண்டும் என்பதற்காகவே 1944 இல் இலங்கையில் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பிரித்தானியாவின் 1907 ஆம் ஆண்டுச் சட்டமோ, இவ்வுத்தியோகத்தர் புத்தி சொல்லி, உதவி செய்து, நண்பராகவும் இருக்க வேண்டும் என்றது.

நட்புக்கு நேரம் வேண்டும். நீதிமன்ற அறிக்கை, சிறுவர் இல்ல மேற்பார்வை, தத்தெடுப்பு விசாரணை யாவும் இவர் தலையிலேயே.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். மாதத்தில் வேலைநாள் 22. நீதிமன்றத்துக்கும் எழுத்து வேலைக்கும் 12 நாள் போனால், மிஞ்சுவது 10 நாள், அதாவது 80 மணித்தியாலம். பொறுப்பில் 80 பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு மணித்தியாலம். அதிலும் பாதி பயணத்தில் கழியும். மேற்பார்வை வெறும் கையெழுத்தாகிவிடும்.

அமெரிக்காவில் 1967 இல் ஜனாதிபதி ஆணைக்குழுவொன்று, ஓர் உத்தியோகத்தருக்குச் சராசரி 35 பேர் போதும் என்றது. ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது, கிடைக்கும் நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதே முக்கியம் என்பதை அக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆய்வு காட்டியது.

இது எமக்கு ஏன் முக்கியம்? 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் முகாம், உறவினர் வீடு, வாடகை வீடு என்று எத்தனை விலாசம் மாறின! உத்தியோகத்தர் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பினால், அந்த ஒரு மணித்தியாலமும் வீண். வீட்டு நிலைமையை நேரில் காணாமல் எழுதும் அறிக்கை, பிள்ளை வீட்டில் இருப்பதா, இல்லத்துக்குப் போவதா என்ற தீர்ப்பையே பாதிக்கலாம்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

• விலாசமோ தொலைபேசி இலக்கமோ மாறினால் உடனே உத்தியோகத்தருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவிப்போம்.

• பிறப்புச் சான்றிதழ், பாடசாலைக் கடிதம், வழக்கு இலக்கம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருப்போம்.

• தோட்ட வேலை இருந்தாலும், அவர் வரும் நாளில் தாயோ தகப்பனோ வீட்டில் நிற்போம். பிள்ளை படிக்கிறதா, யாருடன் திரிகிறது என்பதை மறைக்காமல் சொல்வோம்.

• தனித்துப் பேச நேரம் தரும்படி மரியாதையாகக் கேட்போம்.

1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி நன்னடத்தைச் சேவை மாகாணத்துக்குரிய விடயம். கூடுதல் உத்தியோகத்தரும் பயண வசதியும் வேண்டுமென்று மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஒன்றுகூடி மாகாண நிர்வாகத்துக்கு எழுதலாம். வாய்க்காலுக்கும் விதைநெல்லுக்கும் மனு எழுதிய கைகள்தாமே எமது கைகள்! பிள்ளைகளுக்காகவும் எழுதுவோம்.