கோட்டைக்கு வெளியே விரியும் அச்சம்: கோதிக் வீடியோ கேம்களின் திறந்தவெளி ஈர்ப்பும் அந்தமானின் ராஸ் தீவும்

ஸ்ரீ விஜயபுரம்: இருண்ட கோட்டை, சுழல் படிக்கட்டு, மெழுகுவர்த்திகள் எரியும் நீண்ட கூடம். கோதிக் பாணி ஆக்‌ஷன் வீடியோ கேம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை இவைதாம். ஆனால் இவ்வகை விளையாட்டுகளில் ஊறியவர்கள் கோட்டைக்குள் நிகழும் கட்டங்களை மட்டும் போற்றுவதில்லை. காடு, கல்லறைத் தோட்டம், சதுப்பு நிலம், சிதைந்த முற்றம் எனத் திறந்த வானத்தின் கீழ் அமைந்த கட்டங்களுக்கும் அவர்களிடையே தனி மதிப்பு உண்டு.

கூரை இல்லாத இடத்தில் அச்சம் குறையவேண்டும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. சுவர்கள் நெருக்குவதில்லை, தப்பி ஓட வழி இருக்கிறது. எனினும் நன்கு வடிவமைக்கப்பட்ட திறந்தவெளிக் கட்டம் ஒன்றில் அச்சம் குறைவதே இல்லை. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, அந்தமான் நிகோபார் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து படகில் சில நிமிடங்களில் சென்றடையக்கூடிய ஒரு சிறு தீவு பெரிதும் துணைபுரிகிறது.

வேர்களுக்குள் ஒரு தேவாலயம்

கடல் அளவையாளர் டேனியல் ராஸின் பெயரால் அழைக்கப்பட்டு வந்த ராஸ் தீவுக்கு, 2018ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்டது. பரப்பளவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் மிகக் குறைவான இந்நிலத்துண்டிலிருந்துதான் ஆங்கிலேயர் ஏறத்தாழ 80 ஆண்டுகள் அந்தமானை ஆண்டனர். தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், நடனக் கூடம், நீச்சல் குளம், ரொட்டி அடுமனை, அச்சகம், மருத்துவமனை, கடைவீதி, கல்லறைத் தோட்டம் என ஒரு முழு நகரமே இங்கு இருந்தது. கிழக்கின் பாரிஸ் என்றும் இதனைக் கூறிக்கொண்டனர்.

1941 ஜூன் மாதம் ஏற்பட்ட கடும் நிலநடுக்கம் கட்டடங்களைப் பெரிதும் சேதப்படுத்தியது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படைகள் அந்தமானைக் கைப்பற்றின. போர் முடிந்த பின்னர் நிர்வாகம் மீண்டும் இத்தீவுக்குத் திரும்பவில்லை. ஆட்கள் விட்டுச்சென்ற இடத்தை மரங்கள் எடுத்துக்கொண்டன. இன்று ஆல், அத்தி இன மரங்களின் வேர்கள் தேவாலயத்தின் சுவர்களைப் பின்னிப் பிணைந்து நிற்கின்றன. கூரை போய்விட்டது. சாளரம் இருந்த இடத்தில் வெறும் வளைவும், அதன் வழியே கடலும் தெரிகின்றன.

எந்தக் கோதிக் விளையாட்டின் திரைக்காட்சியோடும் இதை அருகருகே வைக்கலாம். இந்த ஒற்றுமை தற்செயலானதும் அன்று. கோதிக் புனைவின் தொடக்கமாகக் கருதப்படும் ஹோரஸ் வால்போலின் ‘ஓட்ராண்டோ கோட்டை’ நாவல் 1764இல் வெளிவந்தது. அதே நூற்றாண்டில், இங்கிலாந்தின் நிலவுடைமையாளர் சிலர் தம் தோட்டங்களில் செயற்கையான இடிபாடுகளைப் புதிதாகக் கட்டி வைத்து அழகு பார்த்தனர். இடிந்த சுவரில் படரும் கொடியைக் கண்டு காலத்தின் வலிமையை எண்ணி உருகும் இந்த ரசனைதான் நாவல், ஓவியம், திரைப்படம் எனப் பயணித்து வீடியோ கேமை வந்தடைந்தது. அங்கே காசு கொடுத்துக் கட்டிய இடிபாடு, அந்தமானில் தானாகவே உருவாகிவிட்டது.

முழுக் கோட்டையும் கண்ணில் படும் கணம்

திறந்தவெளிக் கட்டங்கள் செய்யும் முதன்மையான வேலை, சேரவேண்டிய இடத்தைத் தொலைவிலிருந்து காட்டுவது. அறைக்குள் இருப்பவருக்கு அடுத்த கதவு மட்டுமே தெரியும். வெளியே நிற்பவருக்கோ தாம் எதிர்கொள்ளப்போகும் ஆற்றல் எவ்வளவு பெரியது என்பது முழுமையாகத் தெரிகிறது.

ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘காசில்வேனியா’ இதனை மிக எளிய முறையில் கையாண்டது. ஆட்டம் தொடங்குவது கோட்டைக்குள் அன்று, அதன் வெளிமுற்றத்தில். சில நொடிகளில் கடந்துவிடக்கூடிய இடம்தான். ஆனால் அந்தச் சில நொடிகள் இல்லாவிட்டால், உள்ளே நுழைதல் என்ற செயலுக்கே பொருள் இருக்காது. ஆட்டத்தின் முடிவிலும் கோட்டை இடிந்து சரிவதை விளையாடுபவர் தொலைவிலிருந்தே காண்கிறார்.

1987இல் வந்த அதன் இரண்டாம் பாகமான ‘சைமன்ஸ் குவெஸ்ட்’ வெளியுலகை இன்னும் விரிவாக்கியது. காடுகளும் ஊர்களும் பாதைகளும் அதில் இடம்பெற்றன. பகல் மறைந்து இரவு வந்ததும் எதிரிகளின் வலிமை கூடும், ஊர்மக்கள் தெருவிலிருந்து மறைந்துவிடுவர், கடைகள் அடைபடும். குழப்பமான குறிப்புகளுக்காக அவ்விளையாட்டு இன்றும் விமர்சிக்கப்படுவது நியாயமே. ஆயினும் கூரை இல்லாத இடத்தில் பொழுதே எதிரியாக முடியும் என்பதை அது காட்டியது.

2015இல் வெளியான ‘பிளட்போர்ன்’, 2021இல் வெளியான ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ ஆகியவற்றிலும் இதே உத்தியைக் காணலாம். பின்னதில், பனி படர்ந்த சிற்றூரில் தடுமாறி நடப்பவரின் தலைக்குமேல் டிமிட்ரெஸ்கு சீமாட்டியின் கோட்டை எழுந்து நிற்கிறது. எங்கே செல்லவேண்டும் என்பதைச் சொல்ல வரைபடமோ அம்புக்குறியோ தேவைப்படுவதில்லை.

மூடுபனிக்குப் பின்னால் ஒரு கணக்கு

இக்கட்டங்களின் வடிவத்தில் தொழில்நுட்பத்துக்கும் பங்குண்டு. அறைக்குள் சுவர் பார்வையை மறிப்பதால், அதற்கு அப்பால் உள்ளவற்றைக் கருவி வரையவேண்டியதில்லை. திறந்தவெளியில் அந்த வசதி இல்லை. தொலைவில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் கல்லையும் கணக்கிட்டாக வேண்டும். 1990களின் இறுதியில் முப்பரிமாணத்துக்கு மாறிய விளையாட்டுகள் பலவும் அடர்ந்த மூடுபனியையும் இருளையும் நாடியதற்கு இது முக்கியக் காரணம். நின்டெண்டோ 64 கருவிக்காக 1999இல் வந்த ‘காசில்வேனியா’வும் இருண்ட காட்டில்தான் தொடங்கியது. வன்பொருளின் குறையை மறைக்கப் போட்ட திரையே அச்சமூட்டும் அழகாக நிலைத்துவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். பரப்பு இருந்தால் மட்டும் போதாது. 2005இல் வெளியான ‘கர்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ விளையாட்டின் வெளிப்புறங்கள் பெரியவை; ஆனால் வெறுமையானவை. ஒரே மாதிரியான நிலத்தில் நெடுந்தொலைவு ஓடுவது சலிப்பைத்தான் தந்தது. சின்னஞ்சிறு ராஸ் தீவு ஒரு முழு நகரின் நினைவைத் தாங்கி நிற்பதற்கு அதன் நெருக்கமே காரணம்: அடுமனையிலிருந்து சில அடிகளில் மாளிகை, மாளிகையைத் தாண்டினால் தேவாலயம், அதற்கப்பால் கடல்.

கூரையில்லாத சிறை

திறந்தவெளி ஏன் அச்சுறுத்துகிறது என்ற கேள்விக்கு அந்தமான் தரும் மிக முக்கியமான விடை அதன் வரலாற்றில் உள்ளது. அந்தமான் சிறை என்றதும் தமிழர் மனத்தில் எழுவது செல்லுலார் சிறைதான். பிரியதர்ஷன் இயக்கத்தில் 1996இல் வெளிவந்த ‘சிறைச்சாலை’ திரைப்படமும் அச்சித்திரத்தை ஆழப் பதித்தது. ஆனால் ஏழு கிளைகளாக விரிந்த அக்கட்டடத்தின் பணி தொடங்கியது 1896இல், முடிந்தது 1906இல். கைதிகள் அந்தமானுக்கு வந்ததோ 1858 மார்ச் மாதம். 1857 கிளர்ச்சியை அடுத்து 200 கைதிகளுடன் மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் வந்திறங்கினார். முதலில் சாத்தம் தீவிலும், விரைவில் ராஸ் தீவிலும் குடியிருப்பு அமைக்கப்பட்டது. ஆக, செல்லுலார் சிறையின் முதற்கல் வைக்கப்படுவதற்கு முன்னரே 38 ஆண்டுகள் கைதிகள் இத்தீவுகளில் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களைச் சுற்றி நின்ற முதன்மையான மதில்கள் கடலும் காடும்தான்.

காட்டைக் கடந்து நடந்தால் பர்மாவை அடைந்துவிடலாம் என்ற நம்பிக்கை அன்றைய கைதிகளிடையே நிலவியது. அதை நம்பித் தப்பியோடியவர் பலர். சிலர் பசியால் மடிந்தனர். சிலர் தம் நிலத்தில் புகுந்த அந்நியரை எதிர்த்த பூர்வகுடிகளின் அம்புகளுக்கு இரையாயினர். திரும்பி வந்தோரையும் பிடிபட்டோரையும் வாக்கர் விட்டுவைக்கவில்லை. குடியேற்றம் தொடங்கிய சில மாதங்களுக்குள்ளாகவே சுமார் 80 பேரை அவர் தூக்கிலிட்டார்.

அவர்களுள் விதிவிலக்காக வரலாற்றில் இடம்பெற்றவர் தூத்நாத் திவாரி. 1858 ஏப்ரலில் ராஸ் தீவிலிருந்து ஒரு குழுவினருடன் தப்பிய அவர், உடன் வந்தோர் கொல்லப்பட்ட பின்னர் காயங்களுடன் பூர்வகுடிகளிடம் சிக்கினார். அவர்கள் அவரைக் கொல்லாமல் ஏற்றுக்கொண்டனர். ஏறத்தாழ ஓராண்டு அவர்களோடு வாழ்ந்து, அச்சமூகத்திலேயே மணமும் புரிந்தார். பின்னர், ஆங்கிலேயர் குடியிருப்பைத் தாக்க அவர்கள் திட்டமிட்டபோது முன்கூட்டியே ஓடிவந்து ஆங்கிலேயரிடம் செய்தி சொன்னவரும் அவரே. 1859 மே மாதம் நடந்த அபர்டீன் போரில் பூர்வகுடிகள் பேரிழப்பைச் சந்தித்தனர். திவாரிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

கோதிக் விளையாட்டுகள் தீவை மீண்டும் மீண்டும் நாடுவதன் பின்னணியும் இதுவே. கேப்காம் நிறுவனத்தின் ‘டெவில் மே க்ரை’ 2001இல் மாலெட் என்ற கற்பனைத் தீவில் தன் கோட்டையை எழுப்பியது. அதன் உருவாக்கக் குழுவினர் ஐரோப்பாவுக்கே சென்று பழைய கட்டடங்களைப் படமெடுத்து வந்து, அவற்றின் கல்லையும் செங்கலையும் திரையில் பதித்தனர். 2008இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக வந்த ‘ஆர்டர் ஆஃப் எக்லீசியா’ இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. டிராகுலாவின் கோட்டையை அடையும் முன் காடு, மலை, சதுப்பு நிலம், கடற்பாதை எனப் பல வெளியிடங்களைக் கடக்கவேண்டும். அவற்றுள் மினெரா என்ற சிறைத் தீவும், இராட்சத நண்டு ஒன்று காத்திருக்கும் கலங்கரை விளக்கமும் உண்டு. ராஸ் தீவின் முனையிலும் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது, 1977இல் கட்டப்பட்டது, நண்டுத் தொல்லை ஏதுமில்லை.

தீவில் வானம் திறந்திருக்கும். ஆனால் கரை முடிந்த இடத்தில் உலகம் முடிந்துவிடும். விளையாட்டு வடிவமைப்பாளர் வரைபடத்தின் எல்லையில் கண்ணுக்குத் தெரியாத சுவரை எழுப்பினால் விளையாடுபவருக்கு எரிச்சல் வரும். கடலை வைத்துவிட்டால் கேள்வியே எழாது. தண்டனைக் குடியேற்றத்துக்கு இடம் தேடிய அதிகாரிகளும் இதே கணக்கைத்தான் போட்டனர்.

இடிபாடு சொல்லாமல் விடுவது

விளையாட்டில் வரும் இடிபாடுகளைக் கட்டியவர் யார் என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கோட்டை எப்போதும் இருந்தது, பிரபு ஒருவர் அதில் வாழ்ந்தார், அவ்வளவே. இந்த மறதி அக்கலைவடிவத்தின் கவர்ச்சியில் ஒரு பகுதி என்றே கூறவேண்டும். பெயரற்ற பழமைதான் கற்பனைக்கு இடம் தருகிறது. ஆனால் ராஸ் தீவைப் ‘பேய்த்தீவு’ என்றும் ‘மர்மத்தீவு’ என்றும் படமெடுத்துப் பகிரும்போது அதே மறதி உண்மையான மனிதர்கள்மீது விழுகிறது. இத்தீவின் காட்டை வெட்டித் திருத்தியவர்கள் கைதிகள். நடனக் கூடத்தில் இசை ஒலித்த அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் செல்லுலார் சிறையில் விடுதலைப் போராட்ட வீரர்கள் செக்கிழுத்தனர். கல்லறைத் தோட்டத்தில் அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தினரும் உறங்குகின்றனர்.

மான்களுக்கும் இதில் இடமுண்டு. இடிபாடுகளுக்கிடையே அச்சமின்றித் திரியும் புள்ளிமான்கள் பயணிகளின் கண்ணுக்கு விருந்தாகின்றன. ஆனால் அவை இம்மண்ணுக்கு உரியவை அல்ல. வேட்டையாடுவதற்காக ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்கள். இயற்கை மீட்டெடுத்த நகரம் என்று தோன்றும் காட்சியிலும் ஆட்சியாளரின் கை இருக்கிறது.

இந்தியச் சூழலைக் கொண்ட விளையாட்டுகள் இப்போதுதான் மெல்ல உருவாகி வருகின்றன. புணேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்’ ராஜஸ்தானக் கட்டடக்கலையையும் புராணங்களையும் களமாக்கிக்கொண்டது. கோதிக் பாணியில் ஒரு களம் தேடுவோர் ருமேனியாவுக்குச் செல்லவேண்டிய தேவை இல்லை என்பதை ராஸ் தீவு காட்டுகிறது. அங்கே கதைக்கு அரக்கர்களைப் புதிதாகப் படைக்கவும் தேவையிராது.

தேவாலயச் சுவர்களின் நிலை தனிச் சிக்கல். வேர்கள் சுண்ணாம்புக் காரைக்குள் புகுந்து செங்கற்களைப் பிளக்கின்றன. அதே வேளையில் பிளந்த சுவரை இறுகப் பற்றிச் சாயாமலும் வைத்திருக்கின்றன. வேரை வெட்டினால் சுவரும் உடன் சரியக்கூடும். விட்டுவைத்தால் பிளவு பெருகும்.

1979 முதல் இத்தீவு இந்தியக் கடற்படையின் பொறுப்பில் உள்ளது. பொதுமக்கள் குடியிருப்பு ஏதும் இல்லை. ஸ்ரீ விஜயபுரத்தின் அபர்டீன் படகுத்துறைப் பகுதியிலிருந்து பயணிகள் படகுகள் சென்று வருகின்றன. தீவின் வரலாற்றைக் கூறும் ‘ஸ்மிருதிகா’ என்ற சிறிய அருங்காட்சியகமும் அங்கு உள்ளது.