காணாத வாடிக்கையாளரும் கூட்டுறவின் நாணயமும்

வாணிபத்திற்குப் பண மூலதனம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது நாணயம். பணத்தை மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து கடனாகப் பெறலாம். நாணயத்தை எவரும் கடனாகத் தருவதில்லை. அதனைச் சங்கமே பல்லாண்டு உழைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வுண்மையை நம் இயக்கம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 1844 ஆம் ஆண்டு டிசம்பர் 21 ஆம் நாள் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அதனை நிறுவிய 28 பேரில் நெசவாளர்களும் இருந்தனர். மாவிலும் சர்க்கரையிலும் கலப்படம் மலிந்திருந்த அக்காலத்தில், கலப்பற்ற பண்டத்தைச் சரியான எடையில் தருவது என்ற ஒரே உறுதியே அக்கடைக்கு விளம்பரமாயிற்று. 1904 ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தன் வாடிக்கையாளரின் நம்பிக்கையையே அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது.

அந்நாளைய வாடிக்கையாளர் கடைக்கு நேரில் வந்தார். துணியைக் கையால் தடவினார். மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். மஞ்சளை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்தார். இன்றைய வாடிக்கையாளர் நாம் காணாத ஊரில், ஏன், காணாத நாட்டில் இருந்துகொண்டு, கைபேசியின் கண்ணாடியில் தோன்றும் ஒரு படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார். வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலிய சமூக ஊடகங்கள் நம் சங்கத்தின் விற்பனை மேசையை உலகெங்கும் நீட்டி வைத்திருக்கின்றன. ஆனால் கையின் சாட்சியம் அங்கே இல்லை. அதற்கு ஈடாக எதைத் தரப் போகிறோம் என்பதே இன்று நம் சங்கங்களின் முன்னுள்ள கேள்வி.

இதில் எத்தகைய நலன் அடங்கியுள்ளது என்பதை நெசவாளர் உறுப்பினர்கள் நன்கறிவர். விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படும் ஒவ்வொரு முறையும் நெசவாளியின் கூலிக்கே ஊறு நேர்கிறது. ஏமாந்த வாடிக்கையாளர் ஒருவர் அந்த ஒரு வணிகரை மட்டும் வெறுப்பதில்லை. “கைத்தறி என்பதே ஏமாற்று” என்று முடிவு கட்டிவிடுகிறார். ஆகவே மெய்யான கைத்தறியை மெய்யென்று மெய்ப்பிப்பது தறிக்குழியில் அமர்ந்திருப்பவரின் பிழைப்பைக் காக்கும் பணியுமாகும்.

படமும் பொருளும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர். படத்தைக் கண்டு வாங்குபவர் தீர விசாரிப்பதற்கு வழி செய்து தருவது நமது கடமை. முதலாவதாக, படம் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட வேண்டும். நிறத்திற்கு மெருகேற்றும் வசதிகள் கைபேசியில் பல உண்டு. அவற்றைச் சங்கம் தொடலாகாது. அரக்கு நிறச் சேலை படத்தில் குங்கும நிறமாகத் தோன்றினால், உண்மை நிறத்தைச் சொல்லால் எழுதிவிட வேண்டும். முந்தி, உடல், கரை, பின்புறம் ஆகிய நான்கையும் தனித்தனியே காட்டுவது நன்று. பின்புறத்தைக் காட்டும் விற்பனையாளரிடம் வாடிக்கையாளருக்கு இயல்பாகவே மதிப்பு உண்டாகும்.

இரண்டாவதாக, பொருளைக் காட்டுவதுடன் வேலையையும் காட்ட வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கும் தனித்தனி நாடாவுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெய்பவருக்குத் துணையாக ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறார். உடலும் கரையும் ஊடைக்கு ஊடை கோர்க்கப்படுகின்றன. ஒரு நிமிடம் ஓடும் காட்சியில் இதனைக் காட்டிவிட்டால், அச்சேலையின் விலை ஏன் உயர்ந்தது என்பதற்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. பாவு, ஊடை, சரிகை, கூலி, சங்கத்தின் நிர்வாகச் செலவு என்று விலையைப் பிரித்துக் காட்டும் துணிவும் நமக்கு வேண்டும். தனி வணிகர் அதனைச் செய்யத் தயங்குவார். கணக்கு முழுவதும் உறுப்பினர்களுடையதாகிய சங்கத்திற்குத் தயக்கம் எதற்கு?

1935 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நம் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ், நெய்தவரின் படத்தையும் பெயரையும் தாங்கிய அட்டையைச் சேலையுடன் இணைத்து விற்ற முறை இங்கு நினைவுகூரத் தக்கது. தொடக்கச் சங்கங்களும் தம் பக்கங்களில் இம்முறையைக் கையாளலாம். ஆனால் நெய்தவரின் சம்மதம் பெறாமல் அவர் படத்தையோ இல்லத்தையோ வெளியிடுதல் தகாது. அவ்வாறே, சேலையை அணிந்து வாடிக்கையாளர் அனுப்பும் படத்தையும் அவர் இசைவின்றிப் பயன்படுத்தலாகாது.

முத்திரைகளின் பொருள்

பட்டு முத்திரை 2004 இலும், கைத்தறி முத்திரை 2006 இலும் நடைமுறைக்கு வந்தன. முதலாவது தேசியக் கைத்தறி நாளாகிய 2015 ஆகஸ்ட் 7 அன்று, சென்னையில் ‘இந்தியா ஹேண்ட்லூம்’ என்னும் தர முத்திரை தொடங்கி வைக்கப்பட்டது. இவற்றைப் படத்தில் தெளிவாகக் காட்டுவது நம்பிக்கைக்குத் துணை செய்யும். ஆயினும் எந்த முத்திரை எதற்குச் சாட்சி என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பட்டு முத்திரை, நூல் தூய பட்டு என்று மட்டுமே கூறும். அது கைத்தறியில் நெய்யப்பட்டதா என்பதைக் கூறாது. கைத்தறி முத்திரை நெய்த முறைக்குச் சாட்சி. நூல் பட்டா, பருத்தியா என்பதற்கு அன்று. சரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்பதை இவ்விரண்டுமே உரைப்பதில்லை. ஆகவே ஒரு முத்திரையைக் காட்டி மற்றொன்றை உணர்த்துவது, பொய் சொல்லாமலே பொய் சொல்வதாகும். சங்கத்தின் பக்கத்தில் நூல், நெசவு, சரிகை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரி இருக்கட்டும். சரிகை அசலாயின் அசல் என்றும், போலிச் சரிகையாயின் அவ்வாறே என்றும் எழுதுக. விலை குறைந்த சரிகை குற்றமன்று. அதனை மறைப்பதே குற்றம்.

புவிசார் குறியீடும் இத்தகையதே. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி ஆகியவை அக்குறியீடு பெற்றவை. அதனைப் பயன்படுத்தும் உரிமை, உரியவாறு பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளருக்கே உண்டு. பதிவு செய்யாத சங்கம் முதலில் பதிவை முடித்துக்கொண்டு, பின்னர் அதனை விளம்பரத்தில் சேர்ப்பதே முறை.

விளைவிப்போர் சங்கங்களுக்கு

மஞ்சளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019 இல் கிடைத்தது. ஆனால் தூளாக்கி விற்கும்போது வாடிக்கையாளரின் ஐயம் வேறிடத்தில் நிற்கிறது. நிறத்திற்காக ஈயக் குரோமேட் போன்ற நச்சுப் பொருள் கலக்கப்படுவதை அவர் செய்தித்தாளில் படித்திருக்கிறார். இவ்வையத்தைப் போக்க “தூய மஞ்சள்” என்ற இரு சொற்கள் போதா. விரலியா, கிழங்கா என்பது, அறுவடை ஆண்டு, வேகவைத்து உலர்த்திய முறை, அரைத்த நாள், தொகுதி எண், அத்தொகுதிக்குரிய ஆய்வகச் சான்று ஆகியவற்றை வெளியிடுக. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும், நிகர எடையும், விலையும் உறையில் மட்டுமின்றிப் படத்திலும் படிக்கும்படி இருத்தல் வேண்டும். சென்ற ஆண்டுச் சரக்கின் சான்றை இவ்வாண்டுச் சரக்குக்குக் காட்டுவது, குடம் பாலில் துளி நஞ்சு விடுவதை ஒக்கும்.

குறை கேட்டலும் விடை கூறலும்

ஊரார் நடுவே நின்று பேசுவது போன்றது சமூக ஊடகம். அங்கே ஒருவர் “சாயம் போயிற்று” என்று எழுதினால் ஆயிரம் பேர் படிக்கின்றனர். அவ்வெழுத்தை அழித்துவிடுவது எளிது. அழித்ததை அறிந்தவர் மீண்டும் நம்புவது அரிது. நாம் கூறும் விடையை மற்ற ஆயிரம் பேரும் படிப்பர் என்பதை மறத்தலாகாது. குறை மெய்யாயின் ஒப்புக்கொண்டு, பொருளை மாற்றியோ பணத்தைத் திருப்பியோ தருக. அடர்ந்த நிறத்துணியை முதல் சலவையில் தனியே அலச வேண்டுமென்பதை விற்கும்போதே சொல்லிவிட்டால் பாதிக் குறைகள் எழா.

மின்வணிகத்திற்கென 2020 இல் வகுக்கப்பட்ட விதிகள், குறை கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்கப் பணிக்கின்றன. விற்பவரே வாடிக்கையாளர் போல வேடமிட்டுப் புகழுரை எழுதுவதையும் அவை தடுக்கின்றன. பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர் அத்தொடர்பை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்பது 2022 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின் கருத்து. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. சிறு சங்கத்தின் பல்லாண்டு இலாபம் அதில் கரைந்துவிடும்.

கணக்கும் கட்டுப்பாடும்

இறுதியாக, ஆய்வாளர் என்ற முறையில் சில குறிப்புகள். விற்பனைக்குரிய கைபேசி எண் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். பணியாளரின் சொந்த எண்ணில் வாடிக்கையாளர் சேர்ந்துவிட்டால், அவர் மாறுதலாகும் நாளில் வாடிக்கையும் அவருடன் சென்றுவிடும். பணம் பெறும் யூபிஐ குறியீடு சங்கத்தின் வங்கிக் கணக்குடன் மட்டுமே இணைந்திருக்கட்டும். தனியார் பெயரில் பணம் கேட்கும் சங்கத்தை வாடிக்கையாளர் ஐயுறுவது நியாயமே, தணிக்கையாளரும் ஐயுறுவார். கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் வைத்துப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்க. ஒரே சேலையைக் கடையிலும் கைபேசியிலும் இருவருக்கு விற்றுவிடும் சங்கடம் நேராதிருக்க, படம் வெளியிட்ட சரக்கைத் தனியே வைத்து, இருப்புப் பதிவேட்டில் குறியிடுக. குறைகளுக்கென ஒரு பதிவேடு திறந்து, மாதந்தோறும் நிர்வாகக் குழுவின் பார்வைக்கு வைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல், நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவரையே சென்றடைகிறது. இதில் ஒரு படிப்பினை இருக்கிறது. எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்பதைவிட, எத்தனை பேர் நம் எண்ணைச் சேமித்து வைக்கத் தகுந்ததாகக் கருதினர் என்பதே நம் வாடிக்கையின் உண்மையான அளவு. அனுமதி கேளாமல் நாள்தோறும் பத்துப் படங்களை அனுப்பும் சங்கம் அந்த எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்கிறது.

சமூக ஊடகம் நாணயத்தைப் படைத்துத் தருவதில்லை. உள்ள நாணயத்தைத் தொலைவில் இருப்போருக்குக் காட்டுகிறது. இல்லாமையையும் அவ்வாறே காட்டிவிடுகிறது. ஆதலின் சங்கங்கள் இப்பணியை இளம் பணியாளர் ஒருவரின் ஓய்வு நேர வேலையாக விட்டுவிடாமல், நிர்வாகக் குழுவின் பொறுப்பாக ஏற்க வேண்டும். எவற்றை வெளியிடுவது, யார் விடையளிப்பது, எந்நிலையில் பொருளைத் திரும்பப் பெறுவது ஆகிய மூன்றையும் அடுத்த குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றி, அத்தீர்மானத்தைச் சங்கத்தின் பக்கத்தில் முதல் செய்தியாக வெளியிடுமாறு உறுப்பினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.