கடை உங்களுது, வெப்சைட் யாருது? புதிதாக இணையதளம் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

பரளச்சி,

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பேஞ்சால்தான் வெள்ளாமை. களத்தில் காய்ந்த வத்தலையும் மல்லியையும் மூட்டை கட்டி வெளியூர் கொண்டு போனால், அங்கே சொல்லும் விலைதான் விலை.

இப்போது செல்போன் இல்லாத வீடு அபூர்வம். ‘நம்ம சரக்கை நாமே நெட்டில் வித்தா என்ன?’ என்ற ஆசை பலருக்கும் வருகிறது. பிளஸ்-2 முடித்த பையன்கள் வெப்சைட் செய்து கொடுப்பதையே தொழிலாக பிடிக்க பார்க்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் ஆரம்பத்தில் செய்யும் ஒரு சின்ன தப்பு, கடைசியில் கடை பெயரையே கொண்டு போய்விடும்.

ஒரு வத்தல் வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த பையன் ஒருவன் அவருக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறான். பெயர் பதிவு பண்ணும்போது அவசரத்துக்கு தன் இ-மெயிலையே கொடுத்துவிடுகிறான். கொஞ்ச நாளில் அவனுக்கு திருப்பூரில் வேலை கிடைத்து போய்விடுகிறான். செல் நம்பரும் மாறிவிடுகிறது. ஒரு வருடம் கழித்து ‘பணம் கட்டு’ என்று வரும் மெயில் அவனுக்கு போகிறது. வியாபாரிக்கு தெரியவே தெரியாது. தவணை முடிந்ததும் அந்த பெயரை வேறு யாரோ வாங்கிவிடுகிறார்கள். பையில் அச்சடித்த முகவரி, விசிட்டிங் கார்டு எல்லாம் வீண்.

இதில் யாரும் திருடவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அப்படி நடக்காமல் வெப்சைட் தொடங்குவது எப்படி?

எவ்வளவு படிக்க வேண்டும்?

பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு வெப் பக்கத்தில் 3 சமாச்சாரம்தான். எச்.டி.எம்.எல். என்பது வீட்டுக்கு சுவர் மாதிரி. சி.எஸ்.எஸ். என்பது வெள்ளையடிப்பது, வர்ணம் பூசுவது மாதிரி. ஜாவாஸ்கிரிப்ட் என்பது சுவிட்ச் மாதிரி. அழுத்தினால் ஏதாவது வேலை நடக்கும்.

புதுசாக தொடங்குபவர்கள் இதே வரிசையில் போக வேண்டும். சுவர் இல்லாமல் சுவிட்ச் மாட்ட முடியாது.

இந்த வெப் என்பதையே 1989-ம் ஆண்டு திட்டமிட்டவர், சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ. 1993 ஏப்ரல் 30-ந்தேதி அந்த நிலையம், ‘இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்’ என்று அறிவித்துவிட்டது. எனவே எச்.டி.எம்.எல். எழுத யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் வாங்க காசு இல்லையா? தமிழக அரசு 2011-ம் ஆண்டு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப் வீட்டில் கிடந்தால் அதுவே போதும். நோட்பேடும் ஒரு பிரவுசரும் இருந்தால் வேலை ஓடும்.

முதல் பக்கம்

கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் குறியீட்டுக்கு டேக் என்று பெயர். தலைப்புக்கு ‘எச்’ என்ற ஆங்கில எழுத்தும் 1-ம். பத்திக்கு ‘பி’. படத்துக்கு ‘ஐ.எம்.ஜி.’. இன்னொரு பக்கத்துக்கு போகிற இணைப்புக்கு ‘ஏ’. பெரும்பாலான டேக்குகளை திறந்தால் மூட வேண்டும். மூடும்போது எழுத்துக்கு முன்னால் ஒரு சாய்கோடு. இந்த நாலு டேக்கை வைத்தே கடை பெயர், சரக்கு, படம், போன் நம்பர் உள்ள ஒரு பக்கத்தை எழுதிவிடலாம்.

முதல் பக்கத்துக்கு ‘இண்டெக்ஸ்’ என்றே பெயர் வைக்க வேண்டும். வெப்சைட்டை யாராவது திறந்தால் சர்வர் முதலில் தேடுவது பொதுவாக அந்த பெயரைத்தான்.

புதியவர்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வீட்டு கம்ப்யூட்டரில் படம் அழகாக தெரியும். நெட்டில் ஏற்றினால் படம் காணாது! காரணம், விண்டோஸ் கம்ப்யூட்டர் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. நெட்டில் உள்ள சர்வர்கள் பெரும்பாலும் லினக்சில் ஓடுகின்றன. அவை வித்தியாசம் பார்க்கும். படத்தின் பெயரை பெரிய எழுத்தில் சேமித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினால் சர்வருக்கு அது வேறு படம். பைல் பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்தால் இந்த தொல்லையே இல்லை.

கட்டம் கட்டமாக தெரிந்த தமிழ்

வெப்சைட் தமிழில் இருந்தால்தான் நம்ம ஆட்கள் படிப்பார்கள். ஆனால் தமிழை நெட்டில் காட்டுவது ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது.

1995 அக்டோபரில் சிங்கப்பூரில் எழுத்தாளர் நா.கோவிந்தசாமி முயற்சியால் தமிழ் கவிதைகள் இணையத்தில் ஏறின. அதன்பிறகு தமிழ் தளங்கள் பெருகின. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு வைத்துக் கொண்டார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், கட்டம் கட்டமாகவும் புள்ளியும் கோடுமாகவும் தெரிந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்-99 மாநாட்டில் ‘தமிழ்99’ விசைப்பலகை முடிவானது. 2010-ம் ஆண்டு கோவையில் உலக தமிழ் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யூனிகோடை தரமாக ஏற்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது.

யூனிகோடு என்றால் என்ன? உலகத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிரந்தர நம்பர். அரிசி கார்டு நம்பர் மாதிரி. சென்னையில் திறந்தாலும் சிங்கப்பூரில் திறந்தாலும் ‘க’ என்பது ‘க’தான். கூகுளில் ‘முண்டு வத்தல்’ என்று தமிழில் தேடுபவருக்கு உங்கள் பக்கம் சிக்க வேண்டும் என்றால் யூனிகோடில் எழுதியிருக்க வேண்டும். பழைய டி.டி.பி. சென்டரில் அடித்த நோட்டீசில் இருந்து அப்படியே காப்பி செய்து ஒட்டினால் குப்பையாகத்தான் வரும்.

பக்கத்தின் தலைப்பகுதியில் ‘யு.டி.எப்.-8’ என்று அறிவிக்கும் ஒரு வரி எழுத வேண்டும். பைலை சேமிக்கும்போதும் அதே யு.டி.எப்.-8 முறையை தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று மாறினாலும் தமிழ் கோணல்மாணலாகிவிடும்.

இன்னொன்று. விலைப்பட்டியலை படமாக எடுத்து போடுகிறவர்கள் உண்டு. படத்துக்குள் இருக்கும் எழுத்தை காப்பி செய்ய முடியாது. தேடுபவர் கண்ணில் படுவதும் கஷ்டம். கண் தெரியாதவர்களுக்கு செல்போன் வாசித்து காட்டும் வசதியும் அதில் சரியாக வேலை செய்யாது. எழுத்தை எழுத்தாகவே போட வேண்டும்.

செல்போனில் திறக்குமா?

உங்கள் பக்கத்தை பார்ப்பவர் கையில் இருக்கப்போவது அநேகமாக செல்போன்தான். ‘வியூபோர்ட்’ என்ற ஒரு வரியை தலைப்பகுதியில் எழுதாவிட்டால், செல்போன் அதை பெரிய கம்ப்யூட்டர் பக்கம் என்று நினைத்து சுருக்கி காட்டும். எழுத்து எறும்பு மாதிரி தெரியும். அந்த வரியை எழுதினால் திரை அகலத்துக்கு தகுந்தபடி பக்கம் அமையும்.

அடுத்து படத்தின் கனம். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ 4 எம்.பி. என்று வைப்போம். 10 போட்டோ போட்டால் 40 எம்.பி. காட்டுப்பக்கம் சிக்னல் குறைந்து, வினாடிக்கு 1 மெகாபிட் வேகம்தான் கிடைக்கிறது என்றால், அந்த பக்கம் முழுவதும் திறக்க 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். யார் காத்திருப்பார்? அதே படங்களை தலைக்கு 150 கே.பி.யாக சுருக்கினால் மொத்தம் ஒன்றரை எம்.பி. 12 வினாடியில் வந்துவிடும். படத்தை சுருக்க இலவச சாப்ட்வேர்கள் நிறைய இருக்கின்றன.

போன் நம்பரை வெறுமனே எழுதாமல், தொட்டதும் கால் போகிற மாதிரி இணைப்பாக வைத்தால் வியாபாரத்துக்கு நல்லது.

50 ரூபாய் 25 ஆயிரமான கதை

ஜாவாஸ்கிரிப்ட் எழுத தொடங்கும்போது எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தப்பு இது. வத்தல் விலை 250, பார்சல் செலவு 50 என்று இரண்டு பெட்டியில் போட்டு கூட்ட சொன்னால், 300 வர வேண்டும். ஆனால் 25050 என்று வந்து நிற்கும்!

ஏன் தெரியுமா? பெட்டியில் அடிப்பதை கம்ப்யூட்டர் எண்ணாக பார்க்காது, எழுத்தாகத்தான் பார்க்கும். எழுத்தையும் எழுத்தையும் கூட்டினால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கும். முதலில் ‘இதை எண்ணாக மாற்று’ என்று கட்டளை எழுதிவிட்டு அப்புறம்தான் கூட்ட வேண்டும். இதை கவனிக்காமல் கடைக்காரருக்கு கொடுத்துவிட்டால், 300 ரூபாய் பில்லுக்கு 25 ஆயிரம் கேட்கிறதே என்று வாடிக்கையாளர் ஓடிவிடுவார். எழுதியதை நாமே நாலு விதமாக அடித்து பார்த்துவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும்.

புரோகிராம் எங்கே உதைக்கிறது என்று தெரியாவிட்டால், கம்ப்யூட்டர் பிரவுசரில் எப்-12 பட்டனை அழுத்தி ‘கன்சோல்’ பகுதியை பார்க்கலாம். எந்த வரியில் கோளாறு என்று சிவப்பில் காட்டும்.

தமிழிலேயே படிக்கலாம்

இங்கிலீஷ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 2012-ம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘கணியம்’ இணைய இதழ், எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். போன்றவற்றுக்கு எளிய தமிழில் நூல்களை இலவசமாக வெளியிட்டு இருக்கிறது. செல்போனிலேயே இறக்கி படிக்கலாம்.

கட்டளைகளையே தமிழில் எழுதும் ‘எழில்’ என்ற புரோகிராம் மொழியும் உண்டு. முத்தையா அண்ணாமலை என்ற என்ஜினீயர் உருவாக்கியது. அதில் ‘பதிப்பி’ என்று எழுதினால் திரையில் காட்டும். இதை வைத்து வெப்சைட் கட்ட முடியாது என்றாலும், புரோகிராம் என்றால் என்ன என்று சின்ன பிள்ளைகளுக்கு புரிய வைக்க நல்ல வழி.

பெயர் யார் பெயரில்?

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். வெப்சைட்டுக்கு இரண்டு செலவு. ஒன்று டொமைன், அதாவது முகவரி பெயர். இன்னொன்று ஹோஸ்டிங், அதாவது பக்கங்களை வைக்கும் இடம். டொமைன் சொந்தமாக வாங்குவது இல்லை. வருட குத்தகை மாதிரி. புதுப்பிக்காவிட்டால் கொஞ்ச நாள் தவணைக்கு பிறகு கைமாறிவிடும். சின்ன தளத்துக்கு கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் ஹோஸ்டிங் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் இலவச இடத்தை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற இலவச சேவையில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் வெப்சைட் வைத்திருந்தார்கள். 1999-ல் அதை யாஹூ வாங்கியது. 2009 அக்டோபர் 26-ந்தேதி அமெரிக்காவில் இயங்கிய அந்த சேவை மூடப்பட்டது. பிரதி எடுத்து வைக்காதவர்களின் உழைப்பு போனது போனதுதான்.

எனவே கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது:-

* டொமைன் பதிவில் கடைக்காரரின் பெயர், கடைக்காரரின் இ-மெயில், கடைக்காரரின் செல் நம்பர்தான் இருக்க வேண்டும்.

* டொமைன், ஹோஸ்டிங் இரண்டின் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி மாற்றிக்கொள்ள வேண்டும். கடை சுவரில் எழுதி ஒட்டக்கூடாது.

* புதுப்பிக்கும் தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும்.

* எல்லா பைலையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

* முகவரிக்கு முன்னால் பூட்டு போட்ட ‘எச்.டி.டி.பி.எஸ்.’ இணைப்பு வேண்டும். இதற்கான சான்றிதழை 2015-ம் ஆண்டு முதல் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாக கொடுக்கிறது. இதற்கு தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

செய்து கொடுக்கும் பையன்களுக்கும் இது நல்லதுதான். சாவியை ஒப்படைத்துவிட்டால், பிறகு ஏதாவது என்றால் பழி நம் மேல் வராது. நாணயமான ஆள் என்று பெயர் கிடைத்தால் அடுத்த வேலை தானாக வரும்.

ஏமாறாதீர்கள்

‘உங்கள் வெப்சைட் இன்றோடு முடியுது, உடனே பணம் அனுப்புங்க’ என்று வரும் மெயிலை பார்த்து பதறக்கூடாது. அதில் உள்ள இணைப்பை தொடாமல், டொமைன் வாங்கிய கம்பெனியின் தளத்துக்கு நேராக போய் தேதியை பார்க்க வேண்டும். ‘வீட்டில் இருந்தே வெப் டிசைன் வேலை, முதலில் டெபாசிட் கட்டு’ என்பதும் வலைதான். வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார். பணம் கேட்க மாட்டார். ஆன்லைனில் பணத்தை பறிகொடுத்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்கலாம். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்கி வைக்க வழி உண்டு.

நிலத்துக்கு பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் யாராவது கிணறு வெட்டுவார்களா? வெப்சைட்டும் அப்படித்தான். முதலில் பட்டாவை பாருங்கள். அப்புறம் வர்ணம் பூசலாம்.