முணுமுணுத்தாலே ஃபெயில்!

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் 1993-ல் பிறந்த கதையும் தன்னார்வலர்கள் அதைக் கட்டிக் காக்கும் கதையும் வந்தாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம், புதுப் பதிப்புகளை உள்ளே விடலாமா என்று முடிவுசெய்யும் பிரிட்னி நிரல் என்று சொல்லியிருந்தோம். அதற்குள் ஒரு விதி குறுக்கே வந்து நின்றுகொண்டது.

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ல் கிட்டத்தட்ட 70,000 மென்பொருள் பேக்கேஜ்கள். ஒன்றைத் தொட்டால் எங்கோ இன்னொன்று உடையும். ஆள் வைத்துப் பார்த்து மாளாது. அதனால் பேக்கேஜைப் பராமரிப்பவரே அதற்குள் சோதனைகளையும் எழுதி வைக்கிறார். புதுப் பதிப்பு வந்ததும் இயந்திரம் ஒரு வெற்றுக் கன்டெய்னரைத் திறந்து, நீங்களும் நானும் நிறுவுவது போலவே நிறுவி, அவற்றை ஓட்டிப் பார்க்கிறது. அந்தப் பேக்கேஜை நம்பியிருக்கும் மற்றவற்றின் சோதனைகளும் சேர்ந்து ஓடும். இதற்கான ஆட்டோபிகேஜிடெஸ்ட் கருவியை உபுண்டுவுக்காகத் தொடங்கியவர் இயன் ஜாக்சன். டெபியனில் அதை ஓயாமல் ஓட்டும் டெப்சிஐ, பிரேசில்காரர் அன்டோனியோ டெர்செய்ரோவின் கைவண்ணம்.

விதி இதுதான். சோதனை முடிந்து பூஜ்யம் திரும்பி வந்தால் பாஸ். ஆனால் வழியில் ஸ்டாண்டர்டு எரர் என்னும் தனித்தடத்தில் ஒரே ஒரு வரி விழுந்திருந்தாலும் ஃபெயில். வேலை கச்சிதமாக நடந்திருந்தாலும் சரி.

அந்தத் தனித்தடம் பிறந்த கதை இதைவிட ருசியானது. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ்காரர்கள் ஃபோட்டோ அச்சுக்கோப்பு இயந்திரம் வைத்திருந்தார்கள். அச்சான நீளத் தாளை நாற்றமடிக்கும் ரசாயன இயந்திரத்துக்குள் பக்குவமாக நுழைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு பிற்பகல் பலருக்கும் வெளியே வந்தது ஒரே வரி: கோப்பைத் திறக்க முடியவில்லை. அழகான எழுத்துருவில்! அப்போதெல்லாம் பிழைச்செய்தியும் விடையும் ஒரே தடத்தில்தான் போகும். புலம்பல் உரிய காதுகளை எட்டியது. ஓரிரு நாளில் பிழைகளுக்கெனத் தனித்தடம் வந்துவிட்டது. இந்தக் கதையைச் சொன்னவர் அங்கே இருந்த ஸ்டீவ் ஜான்சன், யாக் கருவியை எழுதியவர்.

இந்தக் காலத்து உதாரணம், உரைக்குள் தேடும் ஈக்ரெப் கட்டளை. அது வழக்கொழிந்தது என்று 2007-லேயே அறிவித்தாயிற்று. யாரும் சட்டை செய்யவில்லை. 2022 செப்டம்பரில் வந்த கிரெப் 3.8 (ஈக்ரெப்பும் இதில்தான் அடக்கம்), ஈக்ரெப்பைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டர்டு எரரில் ஓர் எச்சரிக்கையைத் துப்ப ஆரம்பித்தது. தேடல் சரி, விடை சரி, திரும்பி வந்த எண்ணும் சரி. ஆனாலும் இந்த எச்சரிக்கை விழுந்த சோதனைக்குக் கிடைப்பது ஃபெயில். பதினைந்து வருட அறிவிப்பு செய்யாததை இந்த ஒற்றை வரி செய்துவிடும்.

விலக்கு இல்லாமல் இல்லை. சோதனைகளின் கட்டுப்பாட்டுக் கோப்பில் 'அலோ-எஸ்டிடிஇஆர்ஆர்' என்று சேர்த்தால் முணுமுணுப்பு மன்னிக்கப்படும். வளவளவென்று பேசும் நிரல்களுக்கு அது தேவைதான். மற்றவர்கள் முதல் நாளே அதைப் போட்டுவைப்பது சோம்பேறித்தனம்.

ஃபெயிலானால் என்ன ஆகும்? அங்கேதான் பிரிட்னி வருகிறது. ஒரு குட்டி நிரலின் சோதனை, அது சார்ந்திருக்கும் பெரிய லைப்ரரியின் புதுப் பதிப்பையே வாசலில் நிறுத்திவிடும். அடுத்த வாரம், நிச்சயமாக.

அதுவரை டெபியனோ உபுண்டுவோ வைத்திருப்பவர்கள், தினமும் பயன்படுத்தும் ஒரு பேக்கேஜின் மூலநிரலை இறக்கி, 'டெபியன்' அடைவுக்குள் 'டெஸ்ட்ஸ்' என்றொரு அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு சோதனை எழுதி அனுப்புங்கள். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.