பூ விற்போர் விழாவும் அமைதிப் பணியும்

கலவரம் ஓய்ந்த ஒரு நகரில் அமைதி உண்மையாகவே திரும்பிவிட்டது என்பதை எவ்வாறு அறிவது? ஊரடங்குச் சட்டம் விலக்கப்படுவதும், கடைகள் திறக்கப்படுவதும், காவலர் எண்ணிக்கை குறைக்கப்படுவதும் அலுவலகக் கோப்புகளில் பதிவாகும் அடையாளங்கள். 1948 ஜனவரியில் தில்லி மாநகரில் உண்ணாநோன்பு மேற்கொண்ட காந்தியடிகள் இவற்றோடு நிறைவடையவில்லை. மெஹ்ரோலியிலுள்ள தர்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் உருஸ் விழா அவ்வாண்டும் வழக்கம்போல் நடைபெற வேண்டும். முஸ்லிம்கள் அச்சமின்றி அங்குச் சென்று திரும்ப வேண்டும் என்பதையும் தம் நிபந்தனைகளுள் ஒன்றாக அவர் வைத்தார்.

மக்கள் கூடும் ஒரு விழாவை அமைதியின் அளவுகோலாக அவர் கொண்டது ஏன்? இதனை விளங்கிக்கொள்ள மெஹ்ரோலியின் வரலாற்றையும், அவ்வூருக்கே உரிய மற்றொரு விழாவையும் அறிதல் வேண்டும்.

இரு தலங்கள், ஒரு விழா

குதுப்மினாரை அடுத்துள்ள மெஹ்ரோலியில் இரு வழிபாட்டுத் தலங்கள் புகழ் பெற்றவை. ஒன்று, 1235-ஆம் ஆண்டில் மறைந்த சூஃபி ஞானியார் குவாஜா குத்புதீன் பக்தியார் காக்கியின் அடக்கத்தலம். அவர் அஜ்மீர் குவாஜா முயீனுதீன் சிஷ்தியின் சீடர். மற்றொன்று, கண்ணனின் தங்கையாகப் போற்றப்படும் யோகமாயா தேவியின் கோயில்.

இவ்விரண்டையும் இணைப்பது ‘பூல் வாலோன் கி சைர்’ என்னும் விழா. பூ விற்போரின் உலா என்பது இதன் பொருள். முகலாய அரசர் இரண்டாம் அக்பர் காலத்தில் (1806–1837) இது தோன்றியது. அரசரின் மகன் மிர்சா ஜஹாங்கீர், பிரிட்டிஷ் பிரதிநிதியான ஆர்ச்சிபால்டு சீட்டனைத் துப்பாக்கியால் சுட முயன்றதற்காக அலகாபாத்துக்கு நாடு கடத்தப்பட்டார். மகன் நலமாகத் திரும்பினால் மெஹ்ரோலி தர்காவில் மலர்ப் போர்வை சாத்துவதாக அரசி மும்தாஜ் மகல் நேர்ந்துகொண்டார். மகன் திரும்பியதும் நேர்த்திக்கடன் பெருவிழாவாகச் செலுத்தப்பட்டது. பூ விற்போர் தம் பங்காக மலர் விசிறி ஒன்றைச் செய்து அளித்தனர் என்றும், யோகமாயா கோயிலுக்கும் மலர்க் காணிக்கை அனுப்பப்பட்டது என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. மக்கள் காட்டிய மகிழ்ச்சியைக் கண்டு இவ்விழா ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று. கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜஃபரும் இதனைப் பேணி வளர்த்தார்.

அரண்மனையின் நேர்த்திக்கடனாகத் தொடங்கியதாயினும் விழாவின் பெயர் அரசருடையதாக அமையவில்லை. பூத்தொடுக்கும் எளிய தொழிலாளர் பெயரால் அது வழங்குவது கருதத்தக்கது.

கலைகள் ஆற்றும் பணி

மழைக்காலத்தை ஒட்டி நடைபெற்ற இவ்விழாவுக்குத் தில்லி மக்கள் திரளாக மெஹ்ரோலிக்குப் பெயர்ந்து சில நாட்கள் தங்குவது பழைய வழக்கம். மாந்தோப்புகளில் ஊஞ்சல் கட்டப்படும். ஷம்சி ஏரிக் கரையில் மக்கள் கூடுவர். ஷெனாய் இசை முன்செல்ல, பூக்களாலும் சரிகைத் தாள்களாலும் அழகு செய்யப்பட்ட பெரிய விசிறிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படும். ஒருநாள் யோகமாயா கோயிலில் மலர் விசிறியும், மற்றொரு நாள் தர்காவில் மலர்ப் போர்வையும் அளிக்கப்படும். கவ்வாலி இசை, கதக் நடனம், மற்போர், பட்டம் விடுதல் ஆகியனவும் விழாவில் இடம்பெறும்.

இத்தகைய விழா அமைதிக்குத் துணைபுரியும் முறை மூன்று வகைப்படும். முதலாவது, விருந்தோம்பும் உறவு. தர்காவுக்குச் செல்லும் காணிக்கையில் இந்துக்களும், கோயிலுக்குச் செல்லும் காணிக்கையில் முஸ்லிம்களும் பங்கு கொள்கின்றனர். ஒருநாள் விருந்தினராக இருப்பவர் மறுநாள் விருந்தளிப்பவராகிறார். ஒருவர் மற்றவரைப் ‘பொறுத்துக்கொள்ளும்’ நிலையிலிருந்து இது வேறுபட்டது.

இரண்டாவது, தொழில் உறவு. பூ விற்போர், விசிறி கட்டுவோர், இசைவாணர், தின்பண்டக் கடைக்காரர் ஆகிய பலருக்கும் விழா நடைபெறுவதில் நேரடியான நலன் உண்டு. அமைதி குலைந்தால் இழப்பு அனைவருக்கும் பொதுவானது.

மூன்றாவது, முன்னேற்பாட்டால் விளையும் அறிமுகம். ஊர்வலப் பாதையை முடிவு செய்யவும், பொருள் திரட்டவும், கலைஞரை அழைக்கவும் பல பிரிவினர் ஒன்றுகூடிப் பேச வேண்டியுள்ளது. வதந்தி பரவும் நாளில், உண்மை எதுவென்று ஒருவரையொருவர் கேட்டறிய இந்த அறிமுகம் பயன்படுகிறது. முன்பின் அறியாதவர்களைக் கொண்டு கலவரத்தன்று அமைக்கப்படும் குழுவால் இதே பணியை எளிதில் செய்ய இயலாது.

தடையும் சிதைவும்

1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தையொட்டிப் பிரிட்டிஷ் ஆட்சி இவ்விழாவை நிறுத்திவிட்டது. ஐந்தாண்டுகளில் நாடு பிரிவினைக்கு உள்ளாயிற்று. 1947 செப்டம்பரில் தில்லியில் கொடிய வன்முறை மூண்டது. மேற்குப் பஞ்சாபில் அனைத்தையும் இழந்த அகதிகள் ஒருபுறம் வந்து குவிந்தனர். மறுபுறம் தில்லி முஸ்லிம்கள் உயிருக்கு அஞ்சித் தம் வீடுகளை விட்டு முகாம்களில் அடைந்தனர். மெஹ்ரோலி முஸ்லிம்கள் பலரும் வெளியேறினர். தர்காவின் பளிங்குச் சாளரங்கள் சேதமடைந்தன.

விழா நின்றதால்தான் வன்முறை நிகழ்ந்தது என்று கூறுவது பொருந்தாது. அத்துணைப் பெரிய அரசியல் புயலை ஒரு விழா தடுத்திருக்கும் என்பதற்கும் இடமில்லை. ஆயினும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருசாராரும் மலர் ஏந்திச் சென்ற அதே ஊரில் இது நிகழ்ந்தது என்பது, நல்லுறவு ஒருமுறை ஏற்பட்டால் என்றும் நிலைக்கும் எனக் கருதுவோருக்கு ஓர் எச்சரிக்கையாகும்.

1948-ஆம் ஆண்டின் உறுதிமொழி

ஜனவரி 13 அன்று காந்தியடிகள் தம் உண்ணாநோன்பைத் தொடங்கினார். ஜனவரி 18 அன்று, இராஜேந்திர பிரசாத் தலைமையில் கூடிய பல்வேறு அமைப்புகளின் பிரதிநிதிகள் உறுதிமொழி ஒன்றை அவரிடம் அளித்தனர். மெஹ்ரோலி உருஸ் முன்போல் நடைபெறும். முஸ்லிம்கள் நகரில் அச்சமின்றி நடமாடலாம். கைப்பற்றப்பட்ட பள்ளிவாசல்கள் திருப்பி அளிக்கப்படும். வெளியேறியவர் திரும்பிவரத் தடையிராது. அவர்களது வணிகம் முன்போல் நடைபெறும் என்பன அதன் கூறுகள். இவை அனைத்தும் காவல்துறையின் உதவியாலோ படையின் உதவியாலோ அன்றித் தங்கள் சொந்த முயற்சியால் நிறைவேற்றப்படும் என்றும் அவர்கள் உறுதி கூறினர். இதன் பின்னரே மௌலானா ஆசாத் அளித்த பழச்சாற்றை அருந்தி அடிகள் நோன்பை முடித்தார்.

ஜனவரி 27 அன்று காந்தியடிகள் மெஹ்ரோலிக்குச் சென்றார். உருஸ் நடைபெற்றது. முஸ்லிம்களுடன் இந்துக்களும் சீக்கியரும் அங்குக் கூடியிருந்தனர். சிதைந்த பளிங்கு வேலைப்பாட்டைக் கண்டு வருந்திய அடிகள், இனி நண்பர்களாக வாழ்வோம் என அனைவரும் உறுதிகொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள், ஜனவரி 30 அன்று, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உறுதிமொழியில் விழா தனித்து நிற்கவில்லை. வழிபாட்டுத் தலங்களை மீட்டளித்தல், நடமாடும் உரிமை, பிழைப்புக்கு வழி ஆகியவற்றோடு சேர்ந்தே அது இடம்பெற்றது. நியாயம் வழங்காமல் நடத்தும் விழா வெறும் அலங்காரமாகும். மக்கள் ஒன்றுகூட அஞ்சும் இடத்தில் காகிதத்தில் வழங்கும் உரிமையும் முழுமை பெறாது.

மீண்டும் மலர்ந்த விழா

பூ விற்போர் விழா இருபது ஆண்டுக்கால இடைவெளிக்குப் பின், பிரதமர் ஜவகர்லால் நேருவின் முயற்சியால் 1961-62-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. அஞ்சுமன் சைரே குல் பரோஷான் என்னும் அமைப்பு இதனை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பிற்காலத்தில் பல மாநிலங்களும் தத்தம் மலர் விசிறிகளையும் கலைக்குழுக்களையும் அனுப்பலாயின. இதனால் ஒரு நகரின் விழா நாட்டின் பல பகுதிக் கலைகளும் சந்திக்கும் களமாயிற்று.

நிர்வாகத்தினருக்குச் சில குறிப்புகள்

அமைதியை நோக்கமாகக் கொண்டு கலை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் அலுவலர்களுக்கும் மாணவர் அமைப்புகளுக்கும் மெஹ்ரோலி வரலாறு சிலவற்றைக் கற்பிக்கின்றது. புதிய மேடை அமைப்பதற்கு முன், அவ்வட்டாரத்தில் ஏற்கெனவே உள்ள கூட்டு விழாக்களைக் கண்டறிதல் வேண்டும். பொறுப்பு உள்ளூர் மக்களிடமே இருத்தல் நலம். அரசு பாதை, தண்ணீர், விளக்கு, பாதுகாப்பு ஆகிய வசதிகளைச் செய்து தரலாம். பிரமுகர்களின் உரைகள் நீண்டு, பூத்தொடுப்பவரும் இசைப்பவரும் ஓரத்திற்குத் தள்ளப்பட்டால் விழாவின் உயிர் போய்விடும். பதற்றம் தோன்றிய பின் அவசரமாக நடத்தும் நிகழ்ச்சியைவிட, அமைதியான ஆண்டுகளில் தவறாது நடைபெறும் நிகழ்ச்சியே பெரிதும் பயன்படும்.

பறித்த பூ ஒருநாளில் வாடிவிடும். எனவே காணிக்கைக்கு ஆண்டுதோறும் புதிய பூக்களைப் பறித்துத் தொடுக்க வேண்டியுள்ளது. மக்களிடையே நிலவும் நல்லிணக்கமும் அவ்வாறே இடைவிடாது புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்றாகும்.